தரை பார்த்த பத்து நாட்கள்

கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், விழித்திரை டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு கிடக்கிறது. எதிரே ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேசை, மேசைமேல் நாலைந்து சொட்டு மருந்துப் புட்டிகள், ஒரு டப்பா நிறையப் பஞ்சு. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டூல் அவளுடையது. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் கண்ணின் பாப்பா விரிய வேண்டும். அதற்கு மருந்து விட வேண்டும். விடுகிறவள் அவள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது பேர். 'சொட்டு மருந்து அக்கா' என்பது தேய்ந்து தேய்ந்து 'சொட்டக்கா' ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதைச் 'சொட்டை அக்கா' என்று காதில் வாங்கிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே தொங்கும் அவள் பின்னலைப் பார்த்துக் குழம்புவார்கள்.

"மேலே பாருங்க" என்பாள். கீழ் இமையை ஒற்றை விரலால் இழுத்தால், இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் சட்டைப்பை போல ஒரு குட்டிப் பள்ளம் திறக்கும். மருந்து விழ வேண்டிய இடம் அது. கருவிழிமேல் நேராக விழுந்தால் ஆள் பதறிக் கண்ணை மூடிக்கொள்வார். பைக்குள் ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். விட்டதும், "மூடிக்குங்க. மூக்கோரமா விரல வச்சு லேசா அழுத்திக்குங்க" என்பாள். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் விளக்கம் உண்டு. இமைகளின் உள்மூலையில், மேலே ஒன்று கீழே ஒன்று என ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் இருக்கின்றன. கண்ணீர் அவற்றின் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். விரலை வைத்து அழுத்தாவிட்டால் மருந்தும் அதே வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கும். "கண்ணுல விட்ட மருந்து நாக்குல எப்படிம்மா கசக்குது?" என்று கேட்ட ஒரு பஸ் டிரைவரிடம், "எல்லாம் ஒரே ரூட்டுதான் அண்ணே. நடுவுல ஸ்டாப்பு இல்ல" என்றாள்.

பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும். அதுவரை பெஞ்சில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை மூடிய மனிதர்கள் பேசுவார்கள் என்பதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். பேக்கரி வைத்திருந்த ஒருவர், தனக்கு ரொட்டி வாசனையே ஆகாது என்றார். ஒரு கணக்கு வாத்தியார், தம்பியோடு பேச்சு நின்று பத்து வருஷமாகிறது என்றும், எதற்காக நின்றது என்பது மறந்துவிட்டது என்றும் சொன்னார். அவள் "ம்" கொட்டுவாள். அவ்வளவுதான். எழுந்து போகும்போது அவர்கள் அவளைப் பார்த்தாலும், விரிந்த பாப்பாவில் அவள் முகம் கலங்கித்தான் தெரியும். அதனால் மறுமுறை வரும்போது அடையாளமும் தெரியாது.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. தன் கண்ணுக்குள் ஒரு தூசி விழுந்தால்கூட அவளுக்குத் தாங்காது. யாராவது விரலைக் கண்ணருகே கொண்டுவந்தால் கழுத்து தானாகப் பின்னால் போய்விடும். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டு உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளைப் போன்ற கண்ணாடிக்காரர்களிடம் தினமும் சொல்கிறவள், தானே பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான்.

அவள் புருஷன் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவரும் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், டைல்ஸ் வெட்டும்போது தெறித்த சில்லு கருவிழியில் குத்தி, கண் செக்கச்செவேலென்று இருக்க வந்து சேர்ந்தார். இரண்டு கையிலும் இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தூக்குகிற ஆகிருதி. சொட்டுப் புட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கண்ணத் திறங்க அண்ணே."

"திறந்துதான் இருக்கேன்."

"இல்லண்ணே. இறுக்கி மூடிட்டு இருக்கீங்க."

சில்லை எடுத்தாகிவிட்டது. மறுநாள் காட்ட வரச் சொன்னார்கள், வந்தார். மூன்று நாள் கழித்து, உறுத்துகிறது என்று வந்தார். ஒரு வாரம் கழித்து நமைச்சல். அதற்கடுத்த வாரம் என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அப்போதிருந்த வயதான டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லப்பா. நீ பாக்க வந்தது வெளியில ஸ்டூல்ல உக்காந்திருக்கு. நேரா அங்கேயே போய்ப் பேசு" என்றாராம். அவர் வெளியே வந்து பேசினார். அன்றோடு அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள்.

இப்போது அவர்களுக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள். சொந்தமாகச் சின்ன வீடு. அதன் தரையை அவரே பார்த்துப் பார்த்து இழைத்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய வரி ஓடும் டைல்ஸ். வரிகள் எல்லாம் வாசலிலிருந்து சமையலறையை நோக்கி ஒரே போக்கில் ஓடும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் தரையைப் பற்றிக் கேட்பார்களா என்று பார்ப்பார். கேட்காவிட்டால் தானே ஆரம்பிப்பார்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெஞ்சுக்கு மேலிருந்த ட்யூப்லைட் விட்டு விட்டு வெட்டுவதுபோல் அவளுக்குத் தோன்றியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தானேக்கா எரியுது" என்றார்.

"தலையத் திருப்புறப்பல்லாம் பளிச்சுன்னு ஒண்ணு வெட்டுது."

அவர் ட்யூப்பை மாற்றினார். மறுநாள் ஸ்டார்ட்டரையும் மாற்றினார். பிறகு அவளைப் பார்த்தாலே வேறு மாடிக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கொசுக்கள் வந்தன. கண்ணெதிரே கறுப்பாக மிதந்தவற்றைக் கையை வீசி விரட்டினாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்து வந்து முகத்தை நீட்டினார். அவருக்கு ஏற்கெனவே மருந்து விட்டாகியிருந்தது. சனிக்கிழமை, இடது கண்ணில் மூக்குப் பக்கம் கீழே ஏதோ நிழல் தட்டியது. கண்ணாடிச் சட்டம் இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சட்டத்தை நெருப்பில் வாட்டி நிமிர்த்திக் கொடுத்தார். நிழல் போகவில்லை. "உங்க மூக்குதான் கோணல்" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு மேலே வந்தாள்.

திங்கட்கிழமை காலை. மருந்து விடுமுன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டும். மூன்றும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அன்று ஏழெட்டுப் பேருக்கு மருந்து விட்ட பிறகு வந்து உட்கார்ந்தவர் ஒரு தையல்கார அம்மா.

"மின்னல் மாதிரி வெட்டுதாம்மா?"

"இல்லம்மா."

"கரும்புள்ளி கொசு மாதிரி பறக்குதா?"

"இல்லையே."

"ஓரத்துல திரை போட்ட மாதிரி மறைக்..."

கேள்வி பாதியில் நின்றது. தையல்கார அம்மா, "அதுவும் இல்லம்மா" என்று முடித்து வைத்தார். அவள் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். எதிரிலிருந்த அந்த அம்மாளின் நெற்றியும் கண்களும் தெரிந்தன. வாய் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ மேடிட்டிருந்தது.

புட்டிக்கு மூடி போட்டாள். பெஞ்சைப் பார்த்து, "எல்லாரும் கண்ண மூடிட்டே இருங்க. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். அவர்கள் அவள் சொல்லைத் தட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தரை துடைக்க வந்த அம்மாள், "இன்னும் ஏன் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

விழித்திரை டாக்டர் அவளைவிட வயதில் சின்னவள். ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு வருஷம் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், "நானே மருந்து போடறேன், உக்காருங்க" என்று புட்டியை எடுத்தாள்.

"மேலே பாருங்கக்கா."

"பாத்துட்டுத்தான் இருக்கேன் டாக்டர்."

"இல்லக்கா. மூடிட்டு இருக்கீங்க."

முதல் சொட்டு இமைமேல் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது, அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல்முறையாக மனதார மேலே பார்த்தபோது, உள்ளே போனது. எரிந்தது. இவ்வளவு எரியும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. 'கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்' என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, லென்ஸைப் பிடித்து, மேலே, கீழே, பக்கத்தில் என்று பார்க்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்லி வயசாக ஆகச் சுருங்கும். உங்களுக்குத் தெரியாததா? சுருங்கறப்ப விழித்திரையப் பிடிச்சு இழுத்திருக்கு. மேல் ஓரத்துல கிழிஞ்சிடுச்சு. கிழிசல் வழியா தண்ணி பின்னால இறங்கித் திரை எழும்பிட்டு வருது. நடு இடத்தத் தொடற நேரத்துல வந்திருக்கீங்க. நாளைக்குக் காலையிலேயே ஆபரேஷன் பண்ணிடலாம்."

"மேல கிழிஞ்சா எனக்கு ஏன் கீழ மறைக்குது?" என்று கேட்டாள்.

"உள்ள படம் தலைகீழாத்தானேக்கா விழுது."

அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். தன் விஷயம் என்றதும் தெரிந்ததெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

வேலை நடக்கிற இடத்திலிருந்து புருஷன் அப்படியே வந்தார். தலையிலும் புருவத்திலும் வெள்ளைப் பொடி. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், நடுவில், "பின்னால தண்ணி இறங்கி டைல்ஸ் உப்பிடுச்சு. அதானுங்களே?" என்றார்.

"அதேதான்" என்றாள் டாக்டர்.

"எடுத்துட்டு வேற போட முடியாது. இதையே ஒட்டணும்."

"ஆமா. தண்ணிய எடுத்துட்டு, லேசர்ல ஒட்டி, பிடிக்கிற வரைக்கும் ஏதாவது அழுத்திட்டு இருக்கணும். உள்ள ஒரு வாயு நிரப்புவோம். வாயு எப்பவும் மேல போகும். திரை இருக்கறது கண்ணோட பின்பக்கம். அது மேல வரணும்னா இவங்க குப்புறப் படுக்கணும். முகம் தரையப் பாத்தே இருக்கணும். சாப்பிடறப்ப, தூங்கறப்ப, எப்பவும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் எழுந்துக்கலாம்."

"எத்தனை நாள் காயணும்?"

"பத்து நாள்."

"எங்களுக்கு ஒரு நாள்தான்" என்றார். சொன்ன பிறகுதான் அதில் ஒரு பெருமை இருந்தது அவருக்கே தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபரேஷனில் முழு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே, கண் உருண்டைக்கும் அது உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே ஊசி போட்டார்கள். உருண்டையைச் சுற்றிக் குழிக்குள் கொழுப்பு மெத்தை. உருண்டையை ஆட்டுவிக்க ஆறு தசைகள். சற்று நேரத்தில் ஆறும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இடது பக்கம் திருப்ப நினைத்தாள், கண் கேட்கவில்லை. வலி இல்லை. பயந்ததும் நடக்கவில்லை. வெளிச்சத்துக்குள் மெல்லிய நிழல்கள், தொட்டித் தண்ணீரில் மீன்கள்போல, வந்து வந்து போயின. அவை கருவிகள் என்று தெரிந்தும் பார்க்கப் பிடித்திருந்தது. ஒன்றேகால் மணி நேரம் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் மேலே பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தின் நடுவே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. நல்ல பலகை ஒன்றில் முகம் அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பில் ஸ்பாஞ்சு சுற்றி, நெற்றியும் தாடையும் படும் இடத்தில் தான் முழங்காலில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் ரப்பர் மெத்தைகளைத் தைத்து வைத்திருந்தார் புருஷன். துவைத்துத்தான் வைத்திருந்தார். ஆனாலும் லேசாகச் சிமெண்ட் வாசனை அடித்தது. அவள் குப்புறப் படுத்து முகத்தை அந்த வட்டத்துக்குள் வைத்தாள். அடுத்த பத்து நாளும் அவள் உலகம் ஒன்றரை டைல்ஸ் அகலம்.

இடது கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். வலது கண்ணுக்குத் தரை தெரிந்தது, தரைமேல் வந்துபோகும் பாதங்கள் தெரிந்தன. மகளுடைய பாதங்கள் கதவோரம் தயங்கி நின்று பிறகு ஓடிவரும். முதல் நாள் சாயங்காலம் அவள் தரையில் மல்லாந்து படுத்து, பெஞ்சுக்கு அடியில் நகர்ந்து வந்து, அம்மாவின் முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"எப்படி இருக்கு?"

"உன் மூக்குக்குள்ள எல்லாம் தெரியுது."

"அம்மா..."

"நல்லா இருக்குடி. இன்னும் கொஞ்ச நேரம் இரு."

மறுநாள் மகள் கால் விரல் பத்துக்கும் பத்து நிறத்தில் நகப்பூச்சு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "தரையவே பாத்துட்டு இருந்தா போரடிக்கும்ல" என்றாள். விமானப் பயணம் கூடாது, மலை ஏறக் கூடாது, கண்ணுக்குள் இருக்கும் வாயு பெரிதாகி ஆபத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததை உரக்கப் படித்துவிட்டு, "அப்பா, வெளிநாட்டுக்கு வாங்கி வச்சிருக்கற டிக்கெட்ட உடனே கேன்சல் பண்ணுங்க" என்றாள். இவர்கள் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு ஜோடிப் பாதங்கள் வந்து நின்றன. குதிகால் வெடித்த, அகலமான, ஒதுங்கிப்போகத் தெரியாத பாதங்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. புருஷனுடைய அக்கா. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறவர். எந்தப் பேருந்து எந்த மேடையில் என்று முப்பது வருஷம் மைக்கில் சொல்லிச் சொல்லி, வீட்டுக்குள்ளும் அவருக்கு அந்தக் குரல்தான். ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து குறைந்து போயிருந்தது. வந்தாலும் அரை மணி, அதிலும் பாதி தொலைக்காட்சி.

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன். பத்து நாள் முடியற வரைக்கும் சமையல் என்னோடது" என்று பொதுவாக அறிவித்துவிட்டு நேரே சமையலறைக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து, "கஞ்சி தயாராயிடுச்சு" என்று அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி குரல் வந்தது. கஞ்சிக் கிண்ணத்தைப் பெஞ்சுக்கு அடியில் தூக்கிப் பிடித்து, உறிஞ்சுகுழலை அவள் வாய்க்கு நேராக வைத்தது அந்த அகலமான கைதான். கிண்ணம் ஆடவே இல்லை.

மறுநாள் மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், அவர் சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவளுக்கு அந்தக் குதிகால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு மைக் இல்லாத குரலில் கேட்டார்:

"என்மேல கோவம் இருக்கா உனக்கு?"

"இருந்துச்சு அண்ணி."

"இப்ப?"

"இப்ப உங்க காலுதான் தெரியுது. கால்கிட்ட எப்படிக் கோவப்படறது?"

அண்ணி மூச்சு விட்டார். "உன் முகத்தப் பாக்காம பேசறது சுலபமா இருக்கு. அதான் கேட்டுட்டேன். என் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டித் தரேன்னு உன் புருஷன் சொல்லி ஆறு வருஷம் ஆச்சு. ஊருக்கெல்லாம் ஒட்டறான். கூடப் பிறந்தவளுக்கு ஒட்ட நேரமில்ல. நீதான் தடுக்கறேன்னு நெனச்சேன்."

அவள் முகம் தூக்கவில்லை, தூக்கவும் கூடாது. "நானா? மாசத்துக்கு ஒரு தடவ ஞாபகப்படுத்தறேன் அண்ணி. 'அக்கா வீடுதானே, எங்க ஓடிடப்போகுது'ங்கறாரு. நீங்க என்னமோ என்னப் பிடிக்காமத்தான் வர்றதில்லன்னு நான் நெனச்சேன்."

"சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்" என்றார் அண்ணி. "ஸ்கூல்ல குடுத்த கடுதாசிய எல்லாம் பை அடியில வச்சிட்டு, வாத்தியார் மேல பழி போடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குப்புறப் படுத்துச் சிரித்தால் வயிறு பெஞ்சில் இடித்துக்கொண்டு இன்னும் சிரிப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அண்ணியும் சேர்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பின் நடுவேதான் புருஷன் வேலை முடிந்து வந்தார். வாசலில் அவர் பாதங்கள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

"என்ன விஷயம்?" என்றார், சந்தேகமாக.

"உனக்கு நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றார் அக்கா. அவருடைய மைக் குரல் திரும்பி வந்திருந்தது. "மட்டம், கரண்டி எல்லாம் எடுத்துட்டு என் வீட்டுக்குப் போ. சாவி ஆணியில தொங்குது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குளியலறை முடிந்தது. வெளிர் நீலம். அண்ணி தேர்ந்தெடுத்த நிறம் அது, புருஷனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். பெஞ்சைச் சற்று ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். முகவட்டத்துக்கு நேர் கீழே இருந்த டைல்ஸின் வரி மட்டும் குறுக்கே ஓடியது. மற்றதெல்லாம் சமையலறையை நோக்கிப் போக, இது ஒன்று மட்டும் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இதன்மேல் சோபா கிடந்தது. பெஞ்சுக்காக இப்போதுதான் அதை நகர்த்தியிருந்தார்கள்.

"என்னங்க, இங்க வாங்க. உங்க தரையில ஒண்ணு கோணலா இருக்கு."

"என் தரையிலயா?" என்று வந்தவர் முழங்காலிட்டுப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். "அது நீ வச்சது."

"நானா?"

"வேல நடந்தப்ப சோறு எடுத்துட்டு வந்தே. நானும் ஒண்ணு வைக்கறேன்னு கேட்டு வாங்கி வச்சே. திருப்பி வச்சுட்டே. மறுபடி எடுக்க மனசு வரல. மேல சோபாவப் போட்டுட்டேன்."

"நான் வச்சிருந்தா நேரா வச்சிருப்பேன். தப்ப மறைக்கறதுக்குக் கத கட்டறீங்க."

"பன்னெண்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவளுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை அந்த வழக்கு தீரவில்லை. சோபாவை மட்டும் அவர்கள் திரும்ப அந்த இடத்தில் போடவில்லை.

கட்டுப் பிரித்ததும் இடது கண்ணில், குனிந்து பார்க்கும்போது, நடுவே ஒரு பெரிய வட்டக் குமிழி ஆடியது. பத்து நாள் முடிந்து நிமிர்ந்து உட்கார்ந்தபோது அது ஒரு கோடாக மாறியது. கோட்டுக்கு மேலே ஜன்னல் தெரிந்தது. கீழே எல்லாம் நெளிந்தது. தலையைச் சாய்த்தால் கோடு சாயாது, தண்ணீர்போலத் தன் மட்டத்திலேயே நின்றது.

"உங்க ரசமட்டம் மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்புமுன், "கோடு எங்க இருக்கு?" என்று கேட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தார். ஒருநாள் ஜன்னல் சட்டத்தில் இருந்தது, மறுவாரம் நாற்காலி முதுகில், பிறகு தரைக்குச் சற்று மேலே. ஆறாவது வாரம் ஒரு மிளகளவு குமிழியாகிச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காலையில் தேடினாள், காணோம். சொல்ல ஓடினாள். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அவர் காத்துக்கொண்டிருந்தார்.

பார்வை வந்துவிட்டது, முன்பிருந்த அளவுக்கு இல்லை என்றாலும். நேர்க்கோடுகள் இடது கண்ணுக்கு ஓரிடத்தில் லேசாக வளைந்து தெரிகின்றன. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் கண்ணுக்குப் புரை ஆபரேஷனும் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லிவைத்திருக்கிறாள். அண்ணி வீட்டுக் குளியலறையைப் பார்க்கப் போனபோது, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து, "எல்லாம் வளைஞ்சிருக்கு" என்றாள். புருஷன் பதறிப்போய் மட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அண்ணி சத்தம் போட்டுச் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மருந்து விடுமுன், "நல்லாவே எரியும். பத்து எண்ணுங்க, அடங்கிடும்" என்று இப்போது உள்ளதைச் சொல்கிறாள். பயப்படுகிறவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று பெஞ்சின் ஓரத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றையும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள்.

கடைசியாகக் காட்டப் போன அன்று டாக்டர் அவள் விழித்திரையைப் படம் எடுத்தாள். "வாங்கக்கா, பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் எட்டிப் பார்க்க வாசலைத் திறந்துவிட்டவள். உள்ளே எப்படி இருக்கும் என்று இவ்வளவு அருகில், இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஓரமாக ஒரு வெளிர் மஞ்சள் பொட்டு. மூளைக்குப் போகும் நரம்பு கிளம்புகிற இடம். அங்கிருந்து இரத்தக் குழாய்கள், இலையில்லா மரம்போலக் கிளைத்துப் பரவியிருந்தன. மேல் விளிம்பில் லேசர் வைத்த தழும்புகள், புள்ளி புள்ளியாக, இரண்டு மூன்று வரிசை.

புருஷன் கிட்டே குனிந்து புள்ளிகளை உற்றுப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க. வரிசை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு. பிடிமானம் நல்லா இருக்கு."

"எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

படத்தை வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில், மகளின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள். அடுத்த வாரம் அண்ணி வந்தார். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை வருகிறார். கூந்தலைச் சரிசெய்யக் கண்ணாடி முன்னால் போனவர் நின்று பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் அண்ணி."

அண்ணி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இன்னும் கிட்டே போய், மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். "படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கே."